கூட்டம் இல்லாத கடற்கரை எது? மலையில் இருப்பவர்கள் எங்கே போகிறீர்கள்?

கூக்கல்தொரைக்காரன், கோத்தகிரி

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குக் கேரட், பீட்ரூட் விவசாயம். ஏப்ரல், மே வந்தால் மலர்க் கண்காட்சி, பழக் கண்காட்சி என்று கீழே இருந்து வண்டி வண்டியாக ஏறிவிடும். காய் லோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர்வதே பெரும்பாடு. அந்த இரண்டு மாதமும் நாங்கள் வீட்டை விட்டு நகர்வதில்லை. ஜூலையில்தான் கொஞ்சம் மூச்சு விட முடியும். ஒரு சனி, ஞாயிறோடு பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு எங்காவது போகலாம் என்று எண்ணம்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கடலை நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் ஒரு முறை முங்கியிருக்கிறார். அன்றைக்கு இருந்த நெரிசலில் கடலைப் பார்த்ததாகவே கணக்கில் சேர்க்க மாட்டேன் என்கிறார். கன்னியாகுமரிக்கும் மாமல்லபுரத்துக்கும் போனோம். ஊட்டி போட் ஹவுஸை அப்படியே தூக்கி வந்து கடலோரம் வைத்த மாதிரி இருந்தது. அதற்கு நான் ஏன் அவ்வளவு தூரம் இறங்க வேண்டும்?

கடல், மணல், மத்தியானம் நல்ல மீன் குழம்பு, அம்மா உட்கார ஒரு நிழல். இவ்வளவுதான் வேண்டும். குதிரை சவாரி, ஸ்பீக்கர் பாட்டு, மோட்டார் படகு எதுவும் வேண்டாம். கேரளா எங்களுக்குக் கிட்டம்தான், ஆனால் ஜூலையில் மழை கொட்டுமே. ஒரு தடவை போய் வந்தவர்கள் சொல்வதெல்லாம் யூடியூபிலேயே கிடைக்கிறது. வருஷா வருஷம் ஒரே இடத்துக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

ஏரிக்கரை, கொடைக்கானல்

தனுஷ்கோடி. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறு பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் மணல். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். இடிந்த சர்ச் இன்னும் நிற்கிறது. முன்பெல்லாம் மணலில் வேன் பிடித்துக் குலுங்கிக் குலுங்கித்தான் போக வேண்டும். 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்துவிட்டார்கள், இப்போது உங்கள் காரிலேயே போகலாம்.

ஆனால் எல்லார் காரும் போகிறது. லீவு நாளில் அரிச்சல்முனையில் வண்டி திருப்ப இடம் கிடைக்காது. இரவு தங்கவும் முடியாது, சாயங்காலம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவுக்கு நிழல் என்று வேறு கேட்கிறீர்கள், அங்கே உட்கார ஒரு மரம் கிடைக்காது. எழுதிப் பார்த்த பிறகு உங்களுக்கு இது சரிவராது என்றுதான் படுகிறது. இருந்தாலும் அழிக்க மனசு வரவில்லை, இருக்கட்டும்.

பூண்டுக்காரி, பூம்பாறை

தம்பி, மணப்பாடு போங்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரப்பட்டினம் தாண்டி, 20 கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

எங்களுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் குழந்தை வேலப்பர் இருக்கிறார், வீட்டில் நல்லது பொல்லாதது எதுவானாலும் அவரிடம்தான் போவோம். ஆனால் என் மாமியார் மூத்த பேரனுக்கு முதல் முடி திருச்செந்தூரில் இறக்குவதாக நேர்ந்துகொண்டார். மலை முருகன் காலடியில் குடியிருந்துகொண்டு கடல் முருகனிடம் எதற்குப் போனார் என்று அந்த வீட்டில் யாரும் கேட்க முடியாது. போனோம். தொண்ணூறுகளின் கடைசி. வத்தலக்குண்டு வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றி, மதுரை வந்ததும் இதற்கு மேல் கழற்ற ஒன்றுமில்லையே என்று தவித்து, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தோம். மொட்டை போட்டு, கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் குளித்து, சாமி பார்த்து முடிந்தபோது மத்தியானம். ஊருக்குப் பஸ் ராத்திரிதான். தங்கியிருந்த இடத்துக்காரர், “மணப்பாடு வரைக்கும் போய் காத்து வாங்கிட்டு வாங்களேன்” என்றார். அவ்வளவுதான் காரணம்.

ஊருக்குள் நுழையும்போதே பெரிய பெரிய வீடுகள். கொழும்பு வியாபாரம் ஓகோ என்று இருந்த காலத்தில் கட்டியவை என்பார்கள். பல வீடுகள் பூட்டிக் கிடக்கும், செப்டம்பர் திருவிழாவுக்குத்தான் கதவு திறக்கும். தெரு முடிகிற இடத்தில் ஒரு மணற்குன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், 1581இல் கட்டியது. 1540 வாக்கில் ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பல் புயலில் மாட்டிப் பாய்மரம் முறிந்ததாம். தப்பித்துக் கரை சேர்ந்தால் அந்த மரத்திலேயே ஒரு சிலுவை செய்து நடுகிறேன் என்று கப்பல் தலைவர் நேர்ந்துகொண்டாராம். கப்பல் இங்கே வந்து ஒதுங்கியது, சிலுவையை நட்டார் என்று ஊரில் கதை சொல்வார்கள். என் மாமியார் அதைக் கேட்டுவிட்டு, “அப்ப இவங்களும் நேர்த்திக்கடன்காரங்கதான்” என்றார். அன்றையிலிருந்து அவருக்கு அந்த ஊர் சொந்த ஊர்.

குன்றின் கடல் பக்கச் சரிவில் ஒரு குகை இருக்கிறது. 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்த இடம். உள்ளே உட்கார்ந்தால் வெயில் தெரியாது, அலைச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். உங்கள் அம்மாவுக்கு நிழல் கேட்டீர்களே, ஆலயத்தின் நிழலும் இந்தக் குகையும்தான் நிழல். வேறு மரம் கிரம் எதிர்பார்க்காதீர்கள்.

குன்றுக்குத் தெற்கே திறந்த கடல், அலை பெரிதாக வரும். வடக்கே கருமேனியாறு கடலைச் சேரும் கழிமுகம். ஆறு என்று பேர்தான். மழை இல்லாத மாதங்களில் மேலே இருந்து தண்ணீர் வராது, கடல் தண்ணீர் உள்ளே ஏறித் தேங்கி நிற்கும். அந்தப் பக்கம் அலை அடங்கி இருக்கும், பிள்ளைகளை அங்கேதான் விடுவோம். இப்போது சில வருஷமாகப் பலகையோடு அலையில் ஏறி விளையாட வெளியூர்ப் பையன்கள் வருகிறார்கள். குன்றின் மூக்கைச் சுற்றி அலை வளைந்து வருவது அவர்களுக்குத் தோதாம். அவர்களால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நல்ல அலைக்காகக் காத்துக்கிடக்கிறவனுக்குச் சத்தம் போட நேரம் ஏது?

அப்புறம் பூண்டு எடுத்து, காயவைத்து, வடுகபட்டியில் போட்டுக் காசு கையில் வந்தால் திருச்செந்தூர், மணப்பாடு என்று ஆகிவிட்டது. காசு நல்லா வந்த வருஷம் கார், விலை விழுந்த வருஷம் பஸ். அங்கே பனையோலைப் பெட்டி முடைகிற ஓர் அம்மா பழக்கமானார். ஓலைப் பெட்டிக்கென்றே அந்த ஊரில் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, நிறமேற்றிய ஓலையில் அழகழகாகச் செய்வார்கள். நான் வாங்குவது நிறம் போடாத பெரிய பெட்டி. விதைப்பூண்டு போட்டு வைக்க அதைவிட நல்லது கிடையாது, காற்று போய்வரும், பூஞ்சை பிடிக்காது. போகும்போது அவருக்கு நம்ம மலைப்பூண்டு ஒரு பை கொண்டுபோவேன், அவர் நெத்திலிக் கருவாடு கட்டித் தருவார். கீழே கிடைக்கிற பூண்டு அளவுக்குப் போட்டால் குழம்பில் மீன் வாசமே தெரியாது, பல்லைக் குறைக்கணும் என்று அவர்தான் முதலில் சொன்னார். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை டிவியில் பார்த்துவிட்டு, “மலைக்காரி, உன் பூண்டைக் காட்டுறான்” என்று போன் செய்தவரும் அவர்தான்.

இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஊர் ஏன் கெடவில்லை என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்வோம். தூரம்தான் காரணம் என்பார் அவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஊர் நம்மை நம்பிப் பிழைக்கவில்லை. விடியற்காலையில் பைபர் படகு கரை சேர்ந்தால் வலையில் இருந்து மீனைக் கழற்றுவார்கள், ஏலம் போடுவார்கள், வலையைப் பிரிப்பார்கள். நாம் நின்று பார்த்தால் பார்க்கலாம், நம்மைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இங்கே பூம்பாறைத் திருப்பத்தில் பாருங்கள், ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, கீழே தெரிகிற எங்கள் படிக்கட்டு வயலைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கிறார்கள். நான் களை எடுத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் நிமிருங்க என்று கத்துகிறார்கள். மணப்பாட்டில் யாரையும் நிமிரச் சொல்ல முடியாது.

மாறவே இல்லை என்றால் பொய். குன்றின் மேலிருந்து வடக்கே பார்த்தால் முன்பு பனையும் மணலும்தான் தெரியும். இப்போது கல்லாமொழிப் பக்கம் உடன்குடி அனல்மின் நிலையம் எழும்பியிருக்கிறது, இரண்டு அலகு, ஒவ்வொன்றும் 660 மெகாவாட். நிலக்கரி இறக்கக் கடலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் பாலம் போட்டிருக்கிறார்கள். குலசேகரப்பட்டினத்தில், குலசை என்றுதான் சொல்வோம், ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி விடுகிற ராக்கெட் இலங்கை மேல் போகக்கூடாது என்று வளைந்து போக வேண்டியிருக்கிறது, அதில் எரிபொருள் வீண். குலசையிலிருந்து விட்டால் நேராகத் தெற்கே கடல்தான். நாட்டுக்கு நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் மாதவன்குறிச்சி வழியாகப் போகும்போது வேலி போட்ட நிலத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்த ஊரைக் கெடுக்கப்போவது செல்ஃபி எடுக்க வருகிறவர்கள் இல்லை என்று நினைக்கிறேன். அதனால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சீக்கிரம் பார்த்துவிடுங்கள்.

உங்களுக்குத் தேவையான விஷயம் இனிமேல். ஜூலையில் அங்கே மழை கிடையாது, காற்றுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை அந்தக் கரையில் கண்ணால் பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் மணல் முகத்தில் அடிக்கும். அதனால் விடியும்போதே போய்விடுங்கள், அம்மாவுக்குத் தலையில் கட்ட ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மணப்பாட்டில் தங்க வசதி பெரிதாக இல்லை, திருச்செந்தூரில் தங்கிக்கொண்டு போய் வருவதுதான் சுலபம். கோயில் கூட்டம் உள்ள நாளில் திருச்செந்தூரில் ரூம் கிடைக்காது. ஆகவே முதலில் ரூம், அப்புறம் டிக்கெட். செப்டம்பர் 1 முதல் 14 வரை மணப்பாட்டில் திருவிழா. புரட்டாசியில் குலசை முத்தாரம்மன் தசரா, லட்சக்கணக்கில் வேஷம் கட்டி வருவார்கள். பார்க்க வேண்டிய விஷயம்தான், ஆனால் உங்கள் அம்மாவோடு இல்லை.

நாடுகாணி, கூடலூர்

பூண்டுக்காரி அக்கா சொன்னது சரி, ஜூலை என்றால் கிழக்குப் பக்கம்தான். ஆனால் நீலகிரிக்காரர்கள் மேற்கே போகாமல் இருப்பது எனக்குப் புரியவே இல்லை. கூடலூரில் இருந்து நாடுகாணி இறங்கினால் வழிக்கடவு, நிலம்பூர், அப்புறம் கோழிக்கோடு. காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடலோரம் இருக்கலாம்.

நாங்கள் போவது பய்யோளிப் பக்கம் கொளாவிப்பாலம். மீனவப் பிள்ளைகளே ஆமை முட்டையைக் காத்துக் குஞ்சு பொரித்துக் கடலில் விடுகிறார்கள். பழைய காலத்தில் மணலை அள்ளி அள்ளிக் கரையே குறுகிவிட்டது என்று அங்கே வருத்தப்படுவார்கள். காப்பாடும் போகலாம். வாஸ்கோடகாமா 1498இல் வந்து இறங்கிய இடம் என்று கல் நட்டிருக்கிறார்கள். ஆனால் அது இப்போது டிக்கெட் வாங்கி உள்ளே போகிற, கூட்டிப் பெருக்கிய பீச். சுத்தம் வேண்டும் என்றால் காப்பாடு, சும்மா கிடக்கிற கடல் வேண்டும் என்றால் கொளாவி. டிசம்பர், ஜனவரியில் போங்கள். ஜூலையில் அந்தக் கடல் பக்கம் அம்மாவைக் கூட்டிப் போனால் வீட்டில் சண்டை வரும்.

வட்டக்கானல் வாசி, கொடைக்கானல்

எதற்கு அக்கா இப்படி ஊர் பேர், வழி, எந்த நேரம் என்று எல்லாம் எழுதுகிறீர்கள்? எங்கள் ஊரும் இப்படித்தான் போனது. யாரோ ஒருத்தர் நல்ல மனசோடு எழுதினார், அமைதியான இடம், மேகம் வாசலுக்கு வரும் என்று. இப்போது சனிக்கிழமை ராத்திரி வட்டக்கானலில் வந்து தூங்கிப் பாருங்கள். டால்பின் நோஸ் போகிற பாதையில் வேர் எல்லாம் மிதிபட்டுப் பளபளக்கிறது. 2024இல் ஒரு மலையாளப் படம் வந்ததும் குணா குகைக்கு ரோடு அடைத்துக்கொண்டு வண்டி நின்றது.

அதே வருஷம் மே 7 முதல் இ-பாஸ் என்று ஐகோர்ட்டே சொல்ல வேண்டி வந்தது. அடுத்த சீசனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கும் வைத்தார்கள், கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வாரக் கடைசியில் 6,000. மலைக்கே இந்தக் கதி என்றால் ஒரு மீனவ ஊர் எப்படித் தாங்கும்? மணப்பாட்டுக்கு இ-பாஸ் போட யாரும் வரமாட்டார்கள். தெரிந்தவர்களுக்குக் காதோடு காதாகச் சொல்லலாம். இங்கே எழுத வேண்டுமா?

பூண்டுக்காரி, பூம்பாறை

வட்டக்கானல் தம்பிக்கு: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் அதே ரோட்டில்தான் போய் வருகிறேன். ஆனால் மணப்பாடு ஒன்றும் நான் ஒளித்து வைத்திருந்த ஊர் இல்லை. நானூறு வருஷத்துக்கு மேலாக அந்தக் குன்றுக்கு ஆள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். செப்டம்பர் 14 அன்று அந்தக் கரையோரத்து ஊர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். சினிமாக்காரர்கள் வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். திருவிழா முடிந்த மறுநாள் ஊர் தன் வேலையைப் பார்க்கும். நான் எழுதுவதால் வந்து குவிந்துவிடுவார்கள் என்பது என்னைக் கொஞ்சம் அதிகமாகவே மதிப்பதாகும்.

எனக்கும் ஒரு பயம் உண்டு. அது ரூம். வட்டக்கானலில் ஆள் வந்தது முதலில் பிரச்சினை ஆகவில்லை, வீடு எல்லாம் ரூம் ஆனதுதான் பிரச்சினை ஆனது. ரூம் கட்ட வாங்கிய கடனுக்காக ரூம் நிறைய வேண்டும், ரூம் நிறைய ராத்திரி தீ மூட்டிப் பாட்டுப் போட வேண்டும். மணப்பாட்டில் அது இன்னும் ஆரம்பிக்கவில்லை. போய், பார்த்து, சாப்பிட்டு, ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு சாயங்காலம் கிளம்புகிறவர்களால் ஒரு ஊர் கெடாது. அதனால்தான் திருச்செந்தூரில் தங்கச் சொன்னேன்.

அதற்காக அந்த ஊர்க்காரர்கள் நாளைக்கு ரூம் கட்டினால் கட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் கொழுந்தனார் பூம்பாறையில் மாடியில் இரண்டு அறை போட்டு வாடகைக்கு விடுகிறார். பூண்டு விலை விழுந்த வருஷம் அவர் மகளுக்கு நர்சிங் ஃபீஸ் கட்டியது அந்த இரண்டு அறைதான். நான் அங்கே விருந்தாளி, இங்கே வீட்டுக்காரி. இரண்டு இடத்திலும் ஒரே நியாயம் பேச என்னால் முடியவில்லை, நீங்கள் பேசுவதாக இருந்தால் பேசுங்கள்.

ஒன்று மட்டும் செய்யலாம். பாட்டில் விஷயம். நமக்கு இங்கே 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவந்தால் 20 ரூபாய் பசுமை வரி, நீலகிரியில் தடையே இருக்கிறது. அதனால் மலைக்காரர்கள் நாம் எல்லோரும் எவர்சில்வர் பாட்டிலுக்குப் பழகிவிட்டோம். கீழே இறங்கியதும் அந்தப் பழக்கத்தைச் சோதனைச்சாவடியிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குகைக்குப் பக்கத்தில் கிடந்த பாட்டிலை ஒரு தடவை என் மாமியார் பொறுக்கிக்கொண்டே வந்தார், என் வீட்டுக்காரருக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

கூக்கல்தொரைக்காரன், கோத்தகிரி

அக்கா, ரொம்ப நன்றி. வீட்டில் வாசித்துக் காட்டினேன். மணப்பாடு என்று முடிவு பண்ணியாயிற்று. “அந்த மாமியார் வருவாங்களா?” என்று அம்மா கேட்கிறார். டிசம்பரில் கொளாவிக்கும் ஒரு ரவுண்டு போகலாம் என்று மகன் இப்போதே ஆரம்பித்துவிட்டான். நாடுகாணி நண்பர் பொறுப்பேற்க வேண்டும்.

மூன்று கேள்வி. எங்கள் பக்கத்திலிருந்து ரயிலில் போக வழி உண்டா? அம்மாவுக்கு முழங்கால் வலி, குன்று ஏற முடியுமா? சனி, ஞாயிறு போனால் மீன் கிடைக்குமா? மீன் விஷயத்தில் என் மனைவிதான் கேட்கச் சொன்னாள், ஜூனில் தடைக்காலம் வருமே என்று.

பூண்டுக்காரி, பூம்பாறை

மாமியார் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது தம்பி. இருந்திருந்தால் கட்டாயம் வந்திருப்பார், உங்கள் அம்மாவை அதிகாலை நாலு மணிக்கே எழுப்பியும் விட்டிருப்பார்.

ரயில் இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து திருச்செந்தூர் போகிற பகல் வண்டி பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல், மதுரை வழியாகப் போகிறது. காலையிலேயே பொள்ளாச்சியைத் தாண்டிவிடும், அதனால் முந்தின நாளே இறங்கி யாராவது சொந்தக்காரர் வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க வண்டிதான், ஆனால் பழனியில் மலை தெரியும், அம்மா கும்பிட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் கோயம்புத்தூரில் நாகர்கோவில் போகிற இரவு ரயிலைப் பிடித்துத் திருநெல்வேலியில் இறங்கி, அங்கிருந்து திருச்செந்தூர் பாசஞ்சர். முழங்கால் வலிக்கு இதுதான் நல்லது, படுத்துக்கொண்டே போகலாம்.

குன்று பெரிய உயரம் இல்லை, நம்ம ஊர் மேடு பார்த்தவர்களுக்கு அது ஒரு ஏற்றமே கிடையாது. ஆட்டோவில் ஆலயத்துக்குக் கிட்டத்தில் போய்விடலாம். குகைக்கு இறங்குவதுதான் கொஞ்சம் பார்த்து இறங்க வேண்டும், ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். ஆலயத்துக்குள் பூசை நடந்தால் வெளியே இருந்துவிட்டு அப்புறம் போங்கள். படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

மீனுக்குச் சனிக்கிழமை போங்கள், ஞாயிற்றுக்கிழமையை நம்பாதீர்கள். ஞாயிறு பூசை நாள், பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள். தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதுவும் விசைப்படகுக்குத்தான். ஜூலையில் கவலை இல்லை. காற்று பலமாக இருந்தால் மட்டும் நாட்டுப்படகு இறங்காது, அன்றைக்கு விலை ஏறும். காலையில் ஏலம் முடியும்போது சாளை, விளமீன், பாறை எது இருக்கிறதோ வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய ஹோட்டல் தேடி அலையாதீர்கள்.

பிள்ளைகளைத் தெற்குப் பக்கக் கடலில் இறக்கவே வேண்டாம். குன்றுக்குக் கீழே பாறை இருக்கிறது, இழுப்பும் இருக்கிறது. ஏப்ரல், மேயில் போகிற யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன். அந்த மாதங்களில் காற்றே இல்லாத நாளில் கடல் திடீரென்று ஏறி வரும், கள்ளக்கடல் என்பார்கள். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து முட்டுகிறது. வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கும், செய்தியில் வரும். அன்றைக்கு ஊர்க்காரர் இறங்காதே என்றால் இறங்காதீர்கள்.

திரும்பும்போது உடன்குடியில் கருப்பட்டி வாங்குங்கள். அதற்கும் 2023இல் புவிசார் குறியீடு வந்துவிட்டது. ஜூலை என்றால் பதநீர் சீசன் முடிகிற நேரம், புதுக் கருப்பட்டி கடையில் இருக்கும். ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே மங்கலான பழுப்பாக இருந்தால் எடுங்கள், பளபளவென்று மின்னினால் சீனி கலந்தது, வேண்டாம். கூக்கல்தொரைக் குளிருக்குக் கருப்பட்டிக் காப்பி நன்றாக இருக்கும். கிளம்பும் தேதி முடிவானதும் தனிச் செய்தியில் சொல்லுங்கள், ஓலைப் பெட்டி அம்மாவுக்கு ஒரு போன் போட்டு வைக்கிறேன். பூண்டு நான் கொடுத்தனுப்ப முடியாது, உங்கள் ஊர்ப் பூண்டு கொஞ்சம் எடுத்துப் போங்கள். எது காரம் என்று அவரே சொல்லட்டும்.